பாலம் எவ்வளவு பாரம் தாங்கும்? கொலைகளை எண்ணிய எமில் கும்பெலின் கணக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு போக இரண்டு வழி உண்டு. பெரும்பாலானவர்கள் போவது அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் பிரதான மலைப்பாதை. இன்னொன்று, கிழக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு குப்பனூர் வழியாக ஏறும் சாலை. கனமழையில் பிரதான பாதையில் மண் சரிந்தால், மேலே போக வேண்டிய வண்டிகள் குப்பனூர் பக்கம் திரும்பும். உள்ளூர்க்காரர்களுக்கு இது பழகிப்போன விஷயம்.

அப்போது ஒரு கேள்வி வருகிறது. வழக்கமாகக் குறைந்த போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சாலையில் உள்ள சிறுபாலங்களும் தரைப்பாலங்களும் திடீரென வரும் பாரத்தைத் தாங்குமா? கட்டியபோது போட்ட வரைபடத்தைப் பார்த்து மட்டும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அந்தச் சாலையில் இன்று உண்மையில் என்ன எடை போகிறது, இனி வரும் 50 அல்லது 100 ஆண்டுகளில் அதிகபட்சம் என்ன எடை வரலாம் என்று தெரிய வேண்டும். முதல் பாதியை அளந்துவிடலாம். இரண்டாவது பாதி இன்னும் நடக்கவே இல்லையே, அதை எப்படி அளப்பது?

இதற்கு உலகம் முழுக்கப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கின் பின்னால் இருப்பவர்களில் முக்கியமானவர் எமில் ஜூலியஸ் கும்பெல். சிவில் இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம்தான். நீரியல் பாடத்தில் வெள்ளக் கணக்குக்கு வரும் ‘கம்பெல் மெத்தட்’ இவருடையதே. தேர்வுக்கு அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்த பலருக்கும் தெரியாதது, அவர் வாழ்ந்த வாழ்க்கை. அது ஒரு அரசியல் த்ரில்லர்.

கணக்கு வாத்தியாரைக் கொல்ல ஏன் ஆள் வந்தது?

1891 ஜூலை 18 அன்று ஜெர்மனியின் முனிச் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் கும்பெல். அதே ஊரில் கணிதமும் பொருளாதாரமும் படித்தார். மக்கள்தொகைப் புள்ளியியலில் 1914ஆம் ஆண்டு முனைவர் பட்டம் கிடைத்த கையோடு முதல் உலகப்போர் வெடித்தது. இவரும் தானாகவே முன்வந்து படையில் சேர்ந்தார். ஆனால் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். வந்தவர், போரையே எதிர்க்கும் ஆளாக மாறியிருந்தார். 1915இல் போர் எதிர்ப்பு அமைப்பு ஒன்றில் சேர்ந்தார்.

போர் முடிந்து 1918இல் மன்னராட்சி கவிழ்ந்தது. குடியரசு வந்தது, கூடவே கொலைகளும் வந்தன. தோற்றுத் திரும்பிய படைவீரர்களைக் கொண்ட தனிப்படைகள், ரகசியக் குழுக்கள் ஆகியவை இடதுசாரிகளையும் போர் எதிர்ப்பாளர்களையும் வேட்டையாடின. 1919 ஜனவரியில் ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் ஒரே இரவில் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு பெர்லினில் கும்பெலின் வீட்டுக்கும் ஒரு கும்பல் தேடி வந்தது. அவர் அப்போது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு மாநாட்டில் இருந்ததால் உயிர் தப்பினார்.

இப்படி நடந்தால் ஒருவர் பயந்து ஒதுங்கலாம், இல்லை கோபமாக மேடையில் பேசலாம். கும்பெல் புள்ளிவிவரம் சேகரிக்க ஆரம்பித்தார்.

354-க்கு 22

நாளிதழ்ச் செய்திகள், நீதிமன்ற ஆவணங்கள், வழக்கறிஞர்களிடமும் இறந்தவர்களின் குடும்பத்தினரிடமும் கேட்டறிந்த தகவல்கள் என்று ஒவ்வொரு அரசியல் கொலையையும் பெயர், தேதி, இடத்தோடு பதிவு செய்தார். 1921இல் முதல் புத்தகம் வந்தது. 1922இல் அதை விரிவாக்கி, நான்கு ஆண்டுகளின் அரசியல் கொலைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார்.

அந்தப் பட்டியலின்படி வலதுசாரிகள் செய்த கொலைகள் 354. இடதுசாரிகள் செய்தவை 22. கும்பெல் அதோடு நிறுத்தியிருந்தால் அது இன்னொரு அரசியல் துண்டறிக்கையாகப் போயிருக்கும். அவர் அடுத்த பத்தியில் தண்டனையைச் சேர்த்தார். 354 கொலைகளில் 326-க்குத் தண்டனையே இல்லை. இன்னொரு பக்கம், 22 கொலைகளில் 17-க்குக் கடுமையான தண்டனை. 10 பேருக்கு மரணம். சிறைக்குப் போனவர்களில், ஒரு கொலைக்குச் சராசரித் தண்டனை வலதுசாரிக்கு 4 மாதம், இடதுசாரிக்கு 15 ஆண்டு. நீதிமன்றம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அவர் வாதாடத் தேவையே இல்லாமல் போனது. அட்டவணையே சொன்னது.

எழுதியது பொய் என்றால் அரசு அவர் மீது வழக்குப் போட்டிருக்க வேண்டும். உண்மை என்றால் கொலையாளிகளைப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நீதித்துறை அமைச்சராக இருந்த குஸ்டாவ் ராட்புருக் விசாரிக்கச் சொன்னார். அமைச்சகத்தின் அறிக்கை கும்பெல் சொன்னவற்றைப் பெருமளவு உறுதி செய்தது. அந்த அறிக்கையை அரசு அச்சிட்டு வெளியிடவில்லை. கும்பெலே 1924இல் தன் முயற்சியில் வெளியிட்டார்.

இந்த வேலைக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடியாக ஒன்றும் இல்லைதான். ஆனால் நடந்ததை ஒன்று விடாமல் எண்ணுவது, அபிப்பிராயத்துக்குப் பதில் அட்டவணை வைப்பது என்கிற அந்தப் பிடிவாதம்தான் பின்னால் அவருடைய கணிதத்திலும் தெரிகிறது.

ஹைடல்பெர்க்கில் இருந்து விரட்டப்பட்ட கதை

1923இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கச் சேர்ந்தார். 1924 ஜூலையில் ஒரு போர் எதிர்ப்புக் கூட்டத்தில், போரில் இறந்தவர்கள் கொடூரமாகச் செத்தார்கள் என்றும் அதில் பெருமை பேச எதுவும் இல்லை என்றும் பொருள்படப் பேசினார். சும்மா விடுவார்களா? மாணவர் அமைப்புகள் கொதித்தன. ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. அந்த முறை வேலை தப்பியது. இடையில் மாஸ்கோ சென்று கார்ல் மார்க்ஸின் கணிதக் கையெழுத்துப் பிரதிகளைப் பதிப்பிக்கும் பணியிலும் சிறிது காலம் இருந்தார்.

1930இல் பேராசிரியர் பதவி கிடைத்ததும் நாஜி மாணவர்கள் மறுபடி போராட்டத்தில் இறங்கினார்கள். ஐன்ஸ்டைன் போன்றவர்கள் கும்பெலுக்கு ஆதரவாக நின்றார்கள். 1932இல் இன்னொரு கூட்டம். போரின்போது ஜெர்மனி மக்கள் சாப்பாடு இல்லாமல் டர்னிப் கிழங்கைத் தின்று பிழைத்த குளிர்காலம் ஒன்று உண்டு. போர் நினைவுச் சின்னமாகச் சிலை வைப்பதைவிட ஒரு கிழங்கை வைப்பதுதான் பொருத்தம் என்கிற மாதிரி கும்பெல் பேசிவிட்டார். 1932 ஆகஸ்டில் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. கவனியுங்கள், ஹிட்லர் ஆட்சிக்கு வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

1933இல் அவர் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. ஆகஸ்டில் நாஜி அரசு 33 பேரின் குடியுரிமையைப் பறித்து முதல் பட்டியல் வெளியிட்டபோது எழுத்தாளர்கள் ஹைன்ரிச் மன், குர்ட் துகோல்ஸ்கி ஆகியோரோடு கும்பெல் பெயரும் அதில் இருந்தது. அதற்குள் அவர் பிரான்ஸ் போய்ச் சேர்ந்திருந்தார்.

பெரியதில் பெரியது எது?

பாரிஸில் கொஞ்ச காலம், 1934 முதல் லியோன் பல்கலைக்கழகத்தின் காப்பீட்டுக் கல்வி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள். கும்பெலின் கணிதம் உருப்பெற்றது இங்கேதான். ஆயுள் காப்பீடு சம்பந்தப்பட்ட ஒரு கேள்வியில் அவருக்கு ஆர்வம் இருந்தது. மனிதர் அதிகபட்சம் எத்தனை வயது வாழ முடியும்? சராசரி ஆயுள் பற்றி யார் வேண்டுமானாலும் கணக்குப் போடலாம். மிக அதிக வயது வாழ்ந்தவரின் வயது மட்டும் எந்த விதிப்படி மாறும் என்பதே அவர் கேட்டது.

அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. பிரிட்டனில் ரொனால்டு ஃபிஷரும் லியோனார்டு டிப்பெட்டும் 1928இல் இதற்கான கோட்பாட்டை எழுதியிருந்தார்கள். டிப்பெட் வேலை பார்த்தது பருத்தித் தொழில் ஆராய்ச்சி நிறுவனத்தில். நூல் எங்கே அறும்? அதன் சராசரி வலிமையில் அல்ல, மிகப் பலவீனமான இடத்தில்தான். நூற்பாலைகள் நிறைந்த சேலம், ஈரோடு பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கும்பெல் செய்தது, அந்தக் கோட்பாட்டைக் கையில் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கருவியாக மாற்றியது. ஒரு நதியில் ஒவ்வோர் ஆண்டும் வந்த அதிகபட்ச வெள்ளத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசைப்படுத்துங்கள். அதற்கென்று கோடு போட்ட ஒரு தனி வரைபடத்தாளில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் விழுந்தால் அந்தக் கோட்டை நீட்டி, இன்னும் வராத வெள்ளத்தின் அளவைப் படித்துக்கொள்ளலாம். அந்தத் தாளுக்கு இன்றும் கும்பெல் தாள் என்றுதான் பெயர்.

லியோனில் நிம்மதியாக இருக்க விடவில்லை. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தது. நாஜிகளின் முதல் பட்டியலில் இருந்தவருக்கு அது தலைக்கு மேல் கத்தி. போர்ச்சுகல் வழியாகத் தப்பி நியூயார்க் போனார். அடுத்த ஆண்டே, 1941இல், வெள்ளம் திரும்ப வரும் காலம் பற்றிய ஆய்வுக் கட்டுரை அமெரிக்காவில் வெளியானது. வயது 50; மூன்றாவது நாடு, மூன்றாவது மொழி.

நூறு ஆண்டு வெள்ளம் என்றால் நூறு ஆண்டுக்கு ஒருமுறையா?

இந்த இடத்தில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள், செய்தி எழுதுபவர்கள் உட்பட. நூறு ஆண்டு வெள்ளம் என்றால் ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த 99 வருடம் நிம்மதி என்று அர்த்தம் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அது வர 1 சதவீத வாய்ப்பு உண்டு என்றுதான் பொருள். 50 ஆண்டு நிற்கப்போகும் ஒரு பாலம் அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்க வாய்ப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம். ஆயிரம் ஆண்டு அளவுக்கு வடிவமைத்தால் அந்த வாய்ப்பு சுமார் 5 சதவீதமாகக் குறையும். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணையாற்றின் குறுக்கே, திறந்து சில மாதங்களே ஆன அகரம்பள்ளிப்பட்டு பாலம் அடித்துச் செல்லப்பட்டதை நினைத்துப் பார்த்தால், இந்தச் சதவீதங்கள் வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை என்று புரியும்.

1953 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார் கும்பெல். 1958இல் அவருடைய பெரிய புத்தகம் வந்தது. உச்ச மதிப்புகளின் புள்ளியியல் என்று பொருள்படும் தலைப்பு. வெள்ளம், வறட்சி, உலோகம் சோர்ந்து உடைவது, மனித ஆயுள் என்று எல்லாவற்றையும் ஒரே கணிதத்தில் கொண்டுவந்தார். போர் முடிந்த பிறகும் ஹைடல்பெர்க் அவரைப் பழைய இடத்தில் உட்கார வைக்கவில்லை. 1966 செப்டம்பர் 10 அன்று நியூயார்க்கில் இறந்தார். லாரி எடை பார்க்கும் வேலையில் அவர் இறங்கியதே இல்லை. அது மற்றவர்கள் எடுத்துச் சென்ற வேலை.

வெள்ளத்துக்குப் பதில் லாரி

பாலத்தின் பார்வையில் லாரியும் வெள்ளம் மாதிரிதான். பெரும்பாலான நாட்கள் சாதாரணம். என்றோ ஒருநாள் மிகப் பெரியது. பாலத்தைக் கவலைப்பட வைப்பது அந்த ஒருநாள்.

முதலில் எடை தெரிய வேண்டும். லாரியை நிறுத்தி எடை மேடையில் ஏற்றினால் ஒன்று ஆமை வேகம், இன்னொன்று, செய்தி பரவி அதிக பாரம் ஏற்றியவர்கள் எல்லாம் வேறு ரோட்டில் போய்விடுவார்கள். அதனால் ஓடும்போதே எடை பார்க்கும் கருவிகள் வந்தன. சாலையில் பதித்த உணரிகள் ஒவ்வொரு ஆக்சிலின் எடையையும், ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரத்தையும், வேகத்தையும் பதிவு செய்யும். அமெரிக்காவில் 1970களின் கடைசியில் இன்னொரு யோசனை வந்தது. சாலையைத் தோண்டாமல், பாலத்தின் அடியில் உணரிகளைப் பொருத்தி, வண்டி போகும்போது பாலம் எவ்வளவு வளைகிறது என்பதிலிருந்தே எடையைக் கணக்கிடுவது. பாலமே தராசு.

கிடைத்த லாரிகளை ஒவ்வொன்றாகக் கணினியில் பாலத்தின் மேல் ஓட்டி, பாலத்துக்கு ஏற்படும் விளைவைக் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு நாளின் உச்சத்தை மட்டும் எடுத்துக் கும்பெல் தாளில் புள்ளி வைப்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். 10 நாளில் வரும் உச்சம் 30 டன், 100 நாளில் 34 டன் என்று வைத்துக்கொள்வோம். கும்பெல் விதிப்படி நாட்கள் பத்து மடங்காகும்போது உச்சம் ஒரே அளவில்தான் கூடும். ஆக 1,000 நாளில் 38 டன். 10,000 நாளில், அதாவது சுமார் 27 ஆண்டில், 42 டன். 27 ஆண்டு காத்திருக்காமல் 100 நாள் அளவீட்டிலேயே ஒரு மதிப்பீடு கிடைத்துவிட்டது.

ஐரோப்பியப் பாலங்களுக்கான பொது வடிவமைப்பு பாரம் இப்படி அளந்து நீட்டிய கணக்கில்தான் பிறந்தது. அதற்கு முக்கிய அடிப்படை, பிரான்ஸில் ஒசேர் நகருக்கு அருகே நெடுஞ்சாலையில் 1986இல் பதிவான லாரி எடைகள். கும்பெல் அடைக்கலம் தேடிய அதே நாடு. அமெரிக்க விதிக்கு கனடாவின் ஒன்டாரியோவில் 1975இல் எடை பார்த்த 9,250 கனரக லாரிகள் உதவின. அதை 75 ஆண்டுக்கு நீட்டினார்கள்.

இந்தியாவில் பாலத்தின் பாரத்தைச் சொல்வது, 1934இல் தொடங்கிய இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 6 விதி. அதில் ‘கிளாஸ் ஏ’ என்பது 8 ஆக்சில்கள் கொண்ட, மொத்தம் 55.4 டன் எடையுள்ள ஒரு கற்பனை வாகன வரிசை. இன்னொரு வகையில் 70 டன் எடையுள்ள, டாங்கி போன்ற வாகனம் வருகிறது. புதிய பாலம் கட்ட இது போதும். பழைய பாலம் தாங்குமா என்று பார்க்க எஸ்.பி. 37 என்ற தனி வழிகாட்டி உண்டு. ஆனால் ஒரு மாவட்டத்தின் உள்சாலையில் நிஜமாக என்ன ஓடுகிறது என்பதை விதிப்புத்தகம் சொல்லாது. அங்கே போய் அளந்தால்தான் தெரியும். அளந்தால் இரண்டு பக்கமும் பலன் உண்டு. பலவீனம் என்று நினைத்த பாலம், அந்தச் சாலையின் உண்மையான பாரத்துக்குப் போதும் என்று தெரியலாம். இடித்துக் கட்டும் செலவு மிச்சம். இல்லை, எடை வரம்புப் பலகை உடனே வைக்க வேண்டிய பாலம் எது என்று தெரியலாம்.

குப்பனூர் சாலையில் அளந்தால்?

இங்கே சில சிக்கல்கள் உண்டு. ஒன்று, சின்னப் பாலத்துக்கு லாரியின் மொத்த எடை முக்கியமில்லை. மூன்று மீட்டர் நீளத் தரைப்பாலத்தில் ஒரு பெரிய லாரி முழுதாக ஏறவே முடியாது. ஓர் ஆக்சிலோ, நெருக்கமான இரண்டு ஆக்சில்களோதான் ஒரு நேரத்தில் மேலே இருக்கும். அதனால் மலைச்சாலையில் ஆக்சில் எடையைத்தான் துரத்த வேண்டும். மொத்த எடையும் வண்டி நெரிசலும் கவலை தருவது நீளமான ஆற்றுப் பாலங்களுக்கு.

இரண்டாவது, அளக்கும் காலம். காபி அறுவடை நேரம் ஒரு மாதிரி, மே மாதக் கோடை விழா ஒரு மாதிரி, ஆடி மாதத்து வெறிச்சோடிய வார நாள் வேறு மாதிரி. ஏதோ ஒரு வாரம் மட்டும் அளந்துவிட்டு 50 ஆண்டுக்குக் கோடு நீட்டினால், தப்பான தாளில் அழகான நேர்கோடுதான் மிஞ்சும்.

மூன்றாவதுதான் பெரிய சிக்கல். கும்பெலின் கணிதம் ஒரு நிபந்தனையோடு வருகிறது: எல்லா நாளின் உச்சமும் ஒரே வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பிரதான பாதை அடைபட்டு வண்டிகள் திருப்பி விடப்படும் நாள் அப்படியல்ல. அது கனமான ஒரு சாதாரண நாள் இல்லை. வேறு சாலையின் நாள். அன்று வரும் வண்டிகள், அவற்றின் எடை, நெருக்கம் எல்லாமே வேறு. போதாததற்கு அன்றைக்குத்தான் மண்ணும் ஊறிப்போயிருக்கும், ஓடைகளிலும் தண்ணீர் உச்சத்தில் இருக்கும். சாதாரண நாட்களின் புள்ளிகளை எவ்வளவு நீட்டினாலும் அந்த நாள் அந்தக் கோட்டில் அகப்படாது. இரண்டு வகை நாட்களையும் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனியாக நீட்டி, பிறகுதான் சேர்க்க வேண்டும். அளவீட்டுக் கருவி பழுதில்லாமல் ஓட வேண்டியது முக்கியமாக அந்த மழை நாட்களில்.

இன்னொன்றும் உண்டு. 2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் அனுமதிக்கப்பட்ட ஆக்சில் எடையைக் கூட்டியது. நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 11.5 டன் ஆனது. அதற்கு முன் எடுத்த எடை விவரம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அது பழைய சட்டத்தின் கீழ் ஓடிய லாரிகளின் கணக்கு. குப்பனூர் ஆனாலும் சரி, ஒசேர் ஆனாலும் சரி, சட்டம் மாறினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.